மஞ்சள் நூலுக்கு வந்த ஈ

என் அன்பு அண்ணா,

கிடைத்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரிக்கு ஓடிவிடுவாய்.

தேனீ மாதிரி உடம்பில் வரி போட்டுக்கொண்டு, கொட்டத் தெரியாமல், அந்தரத்தில் அப்படியே நிற்குமே ஒரு ஈ, அதன் படம். கண் பளிச்சென்று, இறக்கையில் நரம்பு தெரிய. ஆரணியில் பாதிக் கல்யாணங்களைப் படம் பிடித்த உனக்கு, நம் வீட்டு மொட்டைமாடியில் மட்டும் பிடிபடாமலே போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "அந்த ஈ மட்டும் டபாய்ச்சிகினே போச்சும்மா" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் உன் கேமராவை நான் கையில் எடுத்தேன்.

நானும் உன்னைப் போலவே துளசிச் செடியைச் சுற்றிச் சுற்றித் துரத்தினேன். எல்லாம் மங்கல். அண்ணி பார்த்துவிட்டு, "அவரு போதாதுன்னு இவளுக்கும் புடிச்சிகிச்சா" என்று சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

போன வாரம் மஞ்சள் சாயம் தோய்த்த பட்டு நூலை மாடி நிழலில் காயப் போட்டிருந்தேன். கேமராவோடு ஏறியதும் நீ போடும் சத்தம் நினைவிருக்கிறதா? "அந்த மஞ்சள ஜல்தி எடும்மா, படமெல்லாம் மஞ்சளடிக்குது." நானும் எடுத்துவிடுவேன். அன்று நூல் சொட்டச் சொட்ட ஈரம், விட்டுவிட்டேன். பார்த்தால், ஒரு ஈ வந்து நூலுக்கு எதிரே நிற்கிறது. விலகுகிறது, திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. பூ என்று நினைத்துவிட்டது பாவம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷமும் ஈயைக் கூப்பிடுகிற பூவை நாமே கீழே தூக்கிப் போய்விட்டு, ஈ எங்கே என்று தேடியிருக்கிறோம். நீ இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? என் மேல்தானே பழி போட்டிருப்பாய்?

நூலுக்குச் சற்று முன்னால் ஃபோகஸை வைத்துவிட்டு, துரத்தாமல் உட்கார்ந்தேன். அதுவே வந்து நின்றது. ஃபிளாஷ் அடித்தது. படத்தைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில், "அண்ணா, வந்து பாரு" என்று கத்திவிட்டேன். அண்ணிதான் ஓடி வந்தார். இருவரும் கொஞ்சம் அழுதோம், அப்புறம் டீ போட்டுக் குடித்தோம்.

பிரிண்ட் போடும் கடைக்காரர், "மூலையில மஞ்சளா ஏதோ இருக்குதுங்க, வெட்டிடட்டுமா?" என்றார்.

"வாணாங்க. அது இல்லன்னா ஈயே வந்திருக்காது" என்றேன்.

படம் இப்போது தறிக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. இனி உன் கேமராவோடு மாடி ஏறும்போதெல்லாம் மஞ்சள் நூல் அங்கேயே தொங்கும், இது சத்தியம். நீ எவ்வளவு சத்தம் போட்டாலும் எடுக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை சத்தம் போட்டுத்தான் பாரேன், அண்ணா.

இனி உன் பேச்சைக் கேட்காத,
உன் தங்கச்சி