ஒரு டின் மாவுக்கு எத்தனை கிராம்

ஜார்ஜ்டவுன்,
2 நவம்பர்

யமுனா அண்ணிக்கு, காமினி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். பெர்த்தில் நீங்களும் லோகேஸ்வரன் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதை ஏன் உங்கள் ஆபீஸ் முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன் என்று யோசிப்பீர்கள். உங்கள் போனை எடுத்துப் படிப்பது தன் உரிமை என்று அண்ணன் நினைக்கிறார். இதை அவர் இப்போது படிக்க வேண்டாம்.

அம்மாவுக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஃபிளாட்டில் லிஃப்ட் மூன்று வாரமாக ஓடவில்லை. ஓட்டுக் கேட்க ஒன்பது மாடி ஏறி வந்தவர்களுக்கு இப்போது முழங்கால் வலி போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டர் பிஸ்கட்டுக்கு அளவு கேட்டீர்கள். எங்கள் வீட்டில் எல்லாம் காலிப் பால் டின் கணக்கு. மூன்று டின் மாவு, ஒரு டின் பட்டர், அரை டின் ஐசிங் சீனி. நீங்கள் கிராமில் கேட்டதால், கீழ்வீட்டு சலேஹா அக்காவின் தராசை வாங்கி, டின்னில் தண்ணீர் நிரப்பி எடை பார்த்தேன். முந்நூறு. அதையே பெருக்கி, மாவு தொள்ளாயிரம், பட்டர் முந்நூறு, சீனி நூற்றைம்பது என்று அனுப்பினேன்.

அதுவரை தெரியாமல் செய்த தப்பு. மறுநாள் தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சலேஹா அக்கா சிரித்துவிட்டார். தண்ணியும் மாவும் ஒரே கனமா லா, உன் அண்ணி கல்லுதான் சுடப் போறா என்றார். போன் என் கையில்தான் இருந்தது. உங்களுக்குச் சொல்லவில்லை.

பொறாமை. வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக விருப்பமில்லை. அப்பா அண்ணனைப் படிக்க விமானத்தில் ஏற்றினார், என்னைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றினார். பதினொரு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன் தானாக என்னைப் போனில் கூப்பிட்டது பிஸ்கட் பார்சல் கேட்கத்தான். இந்த வருஷம் யமுனா செய்வாள், நீ சிரமப்படாதே என்றார்.

தீபாவளியன்று வீடியோவில் பார்த்தேன். விருந்தாளிகள் நடுவே அண்ணன் உங்கள் பிஸ்கட்டை மேசையில் தட்டிக் காட்டி, இதை வச்சு ஆணி அடிக்கலாம், எங்க காமினி கை வராது லா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். கேட்டபோது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவர் தோளுக்குப் பின்னால் நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது. ஒரு நாளும் மாவு சலிக்காத மனிதர், உட்கார்ந்த இடத்திலிருந்து நமக்கு மார்க் போடுகிறார். நானும் அந்த மார்க்குக்குக் கை நீட்டி நின்றிருக்கிறேன்.

இனி ஓவன் பக்கமே போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். கட்டாயம் போங்கள் அண்ணி. உங்கள் கையில் குறை இல்லை. நேற்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை பார்த்தேன். சலித்த மாவு மூன்று டின்னுக்கு 525 கிராம். பட்டர் 285, அதாவது அங்கே விற்கும் கால் கிலோ கட்டி ஒன்று, அடுத்த கட்டியில் 35. ஐசிங் சீனி 80. பட்டரை எழுதும்போது ஐம்பது குறைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. குறைக்கவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் சலேஹா அக்காவைக் கேளுங்கள், அவர் நம்பர் பின்பக்கம் இருக்கிறது.

அண்ணனிடம் உண்மையைச் சொல்லுங்கள். பழி உங்கள் மேல் நிற்கக் கூடாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். டிசம்பரில் இரண்டு பேரும் இங்கே வந்து இறங்கிய பிறகு சொல்லுங்கள். என் எதிரில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். போனில் என்றால் வைத்துவிடுவார். பிஸ்கட்டும் இனி உங்களிடமே இருக்கும். மறுபடி என்னைக் கூப்பிட அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

இப்படிக்கு,
காமினி