மாரியாயி போடாத கையெழுத்து

14 ஜூன் 2005, செவ்வாய்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற மாரியாயியின் ஓய்வுக்காலப் பணத்தை யாரோ ஏடிஎம் அட்டையால் எடுத்துவிட்டார்கள். இன்று நான் வேலை செய்யும் வங்கிக் கிளைக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"அந்தக் கார்ட நான் கண்ணால கூட பாத்ததில்ல மிஸ். எங்கிட்ட இந்த பேங்க் புத்தகம் மட்டுந்தாங்க இருக்கு."

அட்டைக்கான விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். அதில் ஆங்கிலத்தில் அழகான கையெழுத்து இருந்தது. மாரியாயியோ பெருவிரல் அடையாளம் வைப்பவர். கணக்கிலுள்ள அடையாளத்தோடு ஒப்பிடாமல் அட்டை வெளியே போகாது; ஆகவே எங்கள் கிளைக்குள் இருக்கும் ஒருவர்தான் அதை நிரப்பியிருக்க வேண்டும்.

மனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். அட்டையின் இரகசிய இலக்கத்தை மாரியாயியே பிறருக்குச் சொல்லிவிட்டதாக அதில் எழுதியிருந்தது.

"சைன் பண்ணும். கிளையின்ர பேர் கெடக்கூடாது."

"பொய்க்கு நான் சைன் வைக்கமாட்டேன் சேர்."

"அப்ப ட்ரான்ஸ்பருக்கு ரெடியா இரும்."

நடந்ததை எழுதி, விண்ணப்பத்தின் பிரதியோடு கொழும்புத் தலைமையகத்துக்கு மனேஜரின் கண்முன்னே பேக்ஸ் அனுப்பினேன். எழுதியதில் ஒரு பிரதியை மாரியாயியிடம் கொடுத்தேன்.

"இதுல ஒங்க பேரு இருக்கா மிஸ்?"

"இருக்குங்கம்மா. கீழ, பெருசாவே இருக்கு."

மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பணம் திரும்பி வருமா, தெரியாது. என்னை மாற்றினால் மாற்றட்டும். எந்த ஊர்க் கிளையில் கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.