திங்கட்கிழமை விலை

அப்பா,

பக்கத்து ரப்பர் விளையில் தார் உருக்குகிறார்கள். மழைக்கு முன்னால் ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி, உள்ளே தண்ணீர் இறங்காமல் இருக்க மேல் விளிம்பில் தார் பூசுவார்களே, அந்த மணம் காலையிலிருந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. சன்னலை அடைத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக்கு வாங்கிய புதுப் புத்தகங்களில்கூட இப்போது அந்த மணம்தான். நம் மரங்களுக்கு இந்த வருடம் பாவாடை இல்லை. பால் வெட்டாத மரத்துக்குப் பாவாடை என்னத்துக்கு என்று அம்மா கேட்டாள்.

தார் மணம் வந்தால் உங்கள் கை நினைவுக்கு வரும். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாலும் நகத்தடியில் கறுப்பு மிச்சம் இருக்கும். அந்தக் கையோடு, பணம் போடச் சொல்லி வந்த ஏஜன்ட் நீட்டிய வழவழப்பான வண்ணத்தாளை வாங்கத் தயங்கினீர்கள். "பிள்ளைக்கிட்ட குடுங்க, அவ வாசிப்பா" என்றீர்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அக்கா பத்தில் இருந்தாள். உதியன்குளங்கரையில் ரோட்டோரம் நமக்கிருந்த ஏழு சென்ட்டை விற்று, அந்தப் பணத்தை என்ன செய்வது என்று நீங்கள் அலைந்துகொண்டிருந்த நாட்கள். பணம் எதற்கு என்பதில் மட்டும் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. பத்துக்குப் பிறகு இரண்டு வருடப் பிரீ டிகிரி முடித்ததும் அக்கா பெங்களூருக்கு நர்சிங் படிக்கப் போகவேண்டும். அதுவரை பணம் எங்காவது பத்திரமாக இருக்கவேண்டும், கொஞ்சம் வளரவும் வேண்டும். கூடுதல் வட்டி தந்த ஒரு பைனான்ஸ் கம்பெனி பூட்டிப்போய், நம் ஊரில் சிலர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததால் வட்டிக் கடைப் பக்கம் நீங்கள் போகவில்லை.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஏஜன்ட் மியூச்சுவல் ஃபண்ட் என்றார். பலருடைய பணத்தைச் சேர்த்து, பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கிப் போடுவார்களாம். "முதல் வளரும் சேட்டா. இடைக்கிடைக்கு வருமானமும் உண்டு" என்றார்.

நீங்கள் முற்றத்துக்கு அப்பால் நின்ற மரங்களைப் பார்த்தீர்கள். "அப்பம் நம்ம ரப்பர் மாதிரியாக்கும்."

"அது மாதிரின்னு வச்சுக்கிடுங்க" என்று ஏஜன்ட் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சொன்னார், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். ரப்பர் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டையை மெல்லியதாக வெட்டினால் சிரட்டையில் பால் வடியும். மரம் பாட்டுக்கு நிற்கும், வருடா வருடம் பருக்கவும் செய்யும். அவர் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "பால் எடுத்தா மரம் குறையாது மக்கா. அதாக்கும் இதுக்க குணம்."

அதிலிருந்து திங்கட்கிழமைகள் நமக்குச் சொந்தமாயின. அன்றுதான் மலையாளப் பத்திரிகையில் ஃபண்டுகளின் விலை வரும். நீங்கள் படித்தது தமிழ்ப் பள்ளியில். மலையாளம் உங்களுக்குப் பேச்சோடு சரி. சாயாக்கடையில் எல்லாரும் பார்த்து முடித்த பத்திரிகையிலிருந்து அந்த ஒரு தாளை மட்டும் கேட்டு வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவீர்கள். பொடி எழுத்தில் நம்முடையதை நான் தேடுவதற்குள் அவசரப்படுவீர்கள். "நல்லா கேக்கும்படி வாசி." அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றுபோகும். அம்மாவும் கேட்கிறாள் என்று அர்த்தம். கேட்டு முடித்ததும், "அதை வாசிச்சா சோறு வேகுமா? விறகு நனைஞ்சு கிடக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அப்பாவுக்கு இனி ஓணம் வாரா வாரம் வரும் என்று அக்கா கேலி செய்வாள். பத்து ரூபாய்க்கு வாங்கிய யூனிட் பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறி, பதிமூன்றைத் தொட்ட வாரம் நீங்கள் விசிலடித்துக்கொண்டே ரப்பர் ஷீட் உலர்த்தினீர்கள்.

ஏஜன்ட் சொன்ன வருமானம் முதல் டிவிடெண்ட் செக்காக வந்த நாளை மறக்கமாட்டேன். அதை மாற்றி நெய்மீன் வாங்கினீர்கள். எனக்கு ஓர் ஆங்கில அகராதி. அதன் முதல் பக்கத்தில் இப்போதும் உங்கள் கட்டைவிரல் கறை இருக்கிறது. சாப்பிடும்போது நான்தான் கேட்டேன். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் என்று செக்கோடு வந்த தாளில் இருந்தது. அதற்கு முந்தின மாதம், டிவிடெண்ட் அறிவித்த வாரத்தில் நான் வாசித்த விலையும் பதிமூன்றிலிருந்து பன்னிரண்டாக இறங்கியிருந்தது. அந்த ஒரு ரூபாய்தானா இது என்று கேட்டேன். நீங்கள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினீர்கள்.

அடுத்த நாளே என்னையும் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினீர்கள். மாடியில் ஒரு சின்ன அறை. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"பால் எடுத்தா மரம் குறையுமா சாரே?"

ஏஜன்டுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவைக் கீழே வைத்தார். "சேட்டா, இது மரம் இல்ல. சாக்கில இருக்கிய அரிசின்னு வச்சுக்கிடுங்க. சாக்கில இருந்து ரெண்டு நாழி எடுத்து உங்களுக்க கையில தந்தா சாக்கு குறையத்தானே செய்யும்? சந்தை நல்லா இருந்தா சாக்கு பின்னயும் நிறையும். அம்பிட்டுதான்."

"அண்ணைக்கு மரம்னு சொன்னேரு."

"நீங்கதான் சொன்னது சேட்டா. நான் சரின்னு சொன்னேன்."

திரும்பி வரும்போது அமரவிளைப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அப்பம் அதில பால் வெட்டண்டாம். வளரட்டும்." இனி வருமானம் வேண்டாம், எல்லாம் உள்ளேயே கிடந்து வளரட்டும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். நான் உங்களை மெச்சினேன். சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றும் அது தவறு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வீட்டுச் செலவுக்கு அந்த வருமானத்தையும் நீங்கள் எண்ணி வைத்திருந்தீர்கள். அது நின்றதும், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிய மரங்களைத் தினமும் வெட்டத் தொடங்கினீர்கள். கோடையில் இலை உதிர்ந்து நிற்கும் மாதத்தில்கூட விடவில்லை. மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கள்தானே என்று அம்மா சண்டை பிடித்தாள்.

"ரெண்டு வருசமாக்கும். அது வளருத வரைக்கும் இது தாங்கும்" என்றீர்கள்.

தாங்கவில்லை. முதலில் பால் கூடியது. பிறகு தண்ணீர்போல வந்தது. பிறகு ஒவ்வொரு மரமாக, வெட்டிய கோட்டில் ஒரு முனையில் மட்டும் நாலு சொட்டு கசிந்து, மீதிப் பட்டை விறகுபோல உலர்ந்து நின்றது. பட்டை மரத்துப்போய்விட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சிரட்டையைக் கவிழ்த்து வைத்தீர்கள். மரம் குறையாது என்று அதற்குப் பிறகு ஒருமுறையும் சொல்லவில்லை.

அதே நாட்களில் பத்திரிகையிலும் இறங்குமுகம். பன்னிரண்டு பத்தானது, ஒன்பதானது. நான் மெதுவாக வாசிப்பேன். நீங்கள் "பின்னயும் ஒருக்க வாசி" என்பீர்கள், இரண்டாவது தடவை வாசித்தால் ஏறிவிடும் என்பதுபோல. அக்கா பிரீ டிகிரியில் நல்ல மார்க் வாங்கி, பெங்களூரில் இடமும் கிடைத்தபோது விலை ஏழு ரூபாய்.

அன்றைக்கு நடந்த பேச்சு எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "எனக்க படிப்புக்குத்தானே போட்டீங்க? பின்ன எடுங்க" என்றாள் அக்கா.

"இப்பம் எடுத்தா அது பால் வெட்டியது இல்ல மக்கா. மரத்தை முறிச்சு விறகுக்குக் குடுக்கியது. ஒரு வருசம் பொறு. ஏறும்."

"மரம் மரம்னு சொல்லாதீங்க அப்பா. ஒரு வருசம் சும்மா நிக்கியதுக்கு நான் மரம் இல்ல."

நீங்கள் அவளைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. கோபம் இல்லை அது. அக்கா பாறசாலையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் அவள் உங்களிடம் சொல்லாமல் படி இறங்குவாள். அவள் வளைவு திரும்பும் வரை நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். போன வருடம் கர்க்கடக மாதத்தில், ஆடி மழையில் ஒரு விடியற்காலை, மழை சற்று விட்ட நேரத்தில், மிச்சமிருந்த பாலுள்ள மரங்களை வெட்டப் போனீர்கள். கட்டன்சாயா ஆறிவிட்டது என்று கூப்பிடப் போன அம்மாதான் மரத்தடியில் விழுந்து கிடந்த உங்களைப் பார்த்தாள். கத்தி கையிலேயே இருந்ததாம்.

இந்த வருடம் பள்ளி நூலகத்தில் பண முதலீடு பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. உங்களுக்காகத்தான் எடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பங்குகளில் போட்டவர்கள் விலை இறங்கும்போது பயந்து விற்கக்கூடாது, பொறுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை வாசித்ததும், நீங்கள் செய்தது சரி என்று ஓடிவந்து சொல்ல ஆசையாக இருந்தது. அதே பக்கத்தின் அடியில், ஓரிரு வருடத்தில் தேவைப்படும் பணத்தை அங்கே போடவே கூடாது என்றும் இருக்கிறது. மேல் வரியில் நீங்கள் சரி, கீழ் வரியில் தவறு. ஏழு சென்ட் விற்றதிலிருந்து அக்கா கடைக்குப் போனதுவரை எல்லாம் அந்த ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. உங்கள் மேல் கோபப்படலாமா கூடாதா என்று மட்டும் அதில் இல்லை.

போன மாதம் பாதியை விற்றோம். விலை எட்டு ரூபாய்கூட முழுதாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்களைப் பார்த்த அதே பார்வை. வந்த பணம் முதல் வருடத்துக்குப் போதும். அக்கா நான்கு நாட்களுக்கு முன் பெங்களூருக்கு ரயில் ஏறினாள். கிளம்பும் முன் உங்கள் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. என்னிடம் வந்து, "மிச்சத்தை நீ பாத்துக்கோ மக்கா. அப்பாவை மாதிரி அதையே நோக்கிட்டு இருக்காத. வேண்டி வந்தா எடு" என்றாள். சொல்லும்போது அவள் குரல் உங்களுடையதாக இருந்தது.

மிச்சம் இருப்பது அவளுடைய அடுத்த வருடங்கள். அடுத்த ஜூனில், அவளுக்குப் பணம் கட்டும்போது, விலை என்னவாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பள்ளிவிட்டு வரும்போது மரங்களுக்கு நடுவில்தான் வருகிறேன். ஓய்வு கொடுத்தால் சில மரங்களுக்குப் பால் திரும்பும் என்கிறார்கள். நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பார்க்கக் கை போகும். ஒரு வருடத்துக்கு மரத்தைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கையை இழுத்துக்கொள்வேன்.

இன்று திங்கட்கிழமை. சாயாக்கடையில் அந்தத் தாளை எனக்காக இப்போதும் எடுத்து வைக்கிறார்கள். நீங்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, பொடி எழுத்தில் நம்முடையதைத் தேடி, நல்லா கேக்கும்படி வாசித்தேன். அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. நான் தாளை மடித்ததும் அம்மா திரும்பத் துருவத் தொடங்கினாள்.