பொங்காலையன்று போன லைன்

முத்தாரம்மன் துணை

சாலை,
திருவனந்தபுரம்.

அன்பு மகன் செல்வகணேஷுக்கு அப்பா வன்னியபெருமாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க முத்தாரம்மனை வேண்டிக்கொள்கிறோம். கடிதம் என்றால் இப்படித்தானே தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். ஆனால் சுகமும் இல்லை ஒன்றும் இல்லை செல்வா. மாதாமாதம் அந்த வெளிநாட்டு ஜெயிலுக்கு வந்து நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறாரே இசக்கிப்பாண்டி, அவர் லீவில் களக்காட்டுக்கு வந்தவர் நேற்று நம் வீட்டுக்கும் வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். பிறகு சொன்னார், "அண்ணாச்சி, பய ஒரு முடிவா சொல்லுதான். ரெண்டு தடவை கறுப்புத் திரையைப் பாத்து உக்காந்துட்டு வந்தாச்சு, எங்க வீட்ல யாரும் வரல, இனிமே அந்தத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன், அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்னுட்டான்." அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

நீ கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாதம் வீடியோ அழைப்புக்கு உன் பெயர் வரும், குடும்பம் கேட்டால்கூட அவர்கள் சேர்க்க மாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். போட்டோ எடுத்து அனுப்புங்கள், அச்செடுத்துக் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னார். வேண்டாம், நீங்கள் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கம்பியையும் காற்றையும் நம்பி நான் பட்டது போதும். நாளை மறுநாள் அவருக்கு விமானம். இரும்புக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன், அது பெரிய பொய்யும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். யாரும் வராமல் இல்லை. முதல் தடவை காலையிலேயே குளித்துவிட்டு நானும் அம்மாவும் போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அம்மா உனக்குப் பிடித்த அந்தப் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள், ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி இருக்கிறதே என்று நான்கூடக் கேலி செய்தேன். நீ திரையில் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நம் ரோட்டை எத்தனை மாதமாய்த் தோண்டுகிறார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே, அன்று மண்வெட்டும் மிஷின் மொத்தக் கேபிளையும் வாரி எடுத்துவிட்டது. கையில் வேறு வழி இல்லை, என் போனில் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, தெருமுனைக்கு ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் உன் நேரம் முடிந்துவிட்டது. கேபிள்காரன் ஜெயனைப் பிடித்து நான் பேசிய பேச்சில் அவன் இனி இந்தச் சந்துக்குள் கால் வைக்க மாட்டான் என்று நினைத்தேன். வைத்தான். புதுசாக இழுத்துத் தந்தான். மிச்சக் கம்பியைச் சுருட்டி வாசல் கேட்டுக்குப் பக்கத்து மதிலில் ஒரு ஆணியில் தொங்கவிட்டு, "அது அவிடெ கிடக்கட்டே அண்ணாச்சி, பின்னெ வந்து கிளிப் அடிச்சுத் தராம்" என்று, பிறகு வந்து மதிலோடு அடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. அவன் அப்படித்தான் என்று உனக்கே தெரியும்.

இன்னொரு தடவை இப்படி ஆகக்கூடாது என்று அந்த வாரமே சிம் போட்டு வேலை செய்கிற குட்டி வைஃபை பெட்டி ஒன்று வாங்கினேன். டாங்கிள் என்கிறார்கள். கேபிள் போனால் இது, கேபிள் வந்தால் அது. ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தேன், அங்கேதான் சிக்னல் முழுசாக வந்தது. உன் அம்மாவுக்கு அதைப் பழக்குவதற்காக நான் அடிக்கடி சொல்லாமல் கொள்ளாமல் மோடத்தை அணைத்துவிடுவேன், அவள் உடனே போனில் மற்ற வைஃபைக்கு மாற வேண்டும். முதலில் திட்டினாள். பிறகு கையில் மாவு இருந்தால்கூட முழங்கையால் அமுக்கி மாற்றிவிடுவாள். கடையிலிருந்து நான் வீடியோவில் கூப்பிடுவேன், "தெரியுதா, தெரியுதா" என்பேன், "உங்க மூஞ்சி நல்லாவே தெரியுது, பிள்ளை மூஞ்சி தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்பாள். இந்த வயதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலையை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்தது அதுதான்.

உன் அடுத்த அழைப்புக்குத் தேதி வந்தபோது பார்த்தால் ஆற்றுகால் பொங்காலை அன்று. அதுவும் உச்சிப்பொழுதில், ஊர்ப் பெண்கள் எல்லோரும் தெருவில் அம்மனுக்குப் பொங்கல் பானை வைத்திருக்கிற நேரம். ஒவ்வொரு வருஷமும் அம்மா கிழக்கேகோட்டைப் பக்கம் போய்த்தானே பொங்காலை இடுவாள், கோயிலுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு புண்ணியம் என்று இடம்பிடித்துச் சண்டை எல்லாம் போடுவாளே. இந்தத் தடவை போகவில்லை. உன் பேரில் நேர்ந்திருந்ததால் விடவும் மனசில்லை. அதனால் நம் கேட்டு வாசலிலேயே செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினாள், அழைப்பு வந்ததும் ஓடிவந்து பேசிவிட்டுத் திரும்பிப் போய் உட்காரலாம் என்று கணக்கு. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நானே நின்று செங்கலை எடுத்துக் கொடுத்தேன்.

நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், சந்து முழுக்க அடுப்பு, கோயிலிலிருந்து தீ வந்து ஒரு அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்குப் பற்றவைத்துப் பற்றவைத்து நம் வாசலுக்கு வந்தது. தென்னை ஓலையும் காய்ந்த பாளைக் கொதும்பும் வைத்து எரித்தார்கள். காற்று நம் மதில் பக்கம் அடித்தது. புகையில் கண்ணைத் திறக்க முடியாத நேரத்தில் மதிலில் தொங்கின கம்பியை யார் பார்ப்பார்கள். நான் உள்ளே போனைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே வந்து பார்த்தால் ஜெயன் சுருட்டிப்போட்டுப் போன கம்பி உருகி அம்மாவின் அடுப்புக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை, இதற்குத்தானே டாங்கிள் என்று இருந்தேன். அம்மா கரிக்கையோடு வந்து முழங்கையால் மாற்றினாள். சிக்னல் முழுசாக இருந்தது. ஆனால் ஒன்றும் திறக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லட்சக்கணக்கான பெண்கள் ஊருக்குள், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு போன், ஒவ்வொருத்தியும் பானையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறாள், நம் குட்டிப் பெட்டிக்கு எங்கே வழி கிடைக்கும். வருஷா வருஷம் பொங்காலையன்று போன் கிடைக்காது என்று எனக்குத் தெரியும் செல்வா. அது போன், இது வேறு என்று நினைத்துவிட்டேன். இரண்டும் ஒரே காற்றில்தான் போகிறது என்று என் புத்தியில் உறைக்கவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். தெருமுனைக்கு ஓடலாம் என்றால் கால் வைக்க இடம் இல்லை, எங்கே பார்த்தாலும் அடுப்பு.

அடுத்த வீட்டு சுசீலாபாய் டீச்சர் வாசலில் நின்று வந்த பெண்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார்கள். "அதுக்கென்ன அண்ணாச்சி, நம்ம வீட்டு லைன் பின்பக்கமால்லா வருது, உள்ள வந்து இருந்து பேசுங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே போனதும் லிங்க் திறந்துவிட்டது. அம்மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் உள்ளே விட ஒரு நம்பர் கேட்டது. அந்த நம்பர் என் போனுக்கு மெசேஜில் வரவேண்டும். மெசேஜ் எந்த வழியாக வரும், அதே அடைத்துக்கொண்ட காற்று வழியாகத்தானே. வரவில்லை. நீ அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிகிறது, கதவு தட்டுகிற தூரத்தில் இருக்கிறாய், எங்களுக்குத் தட்டக் கை இல்லை. டீச்சர் ஏசுவே ஏசுவே என்கிறார்கள், அம்மா அம்மே நாராயணா என்கிறாள், நான் போனைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நம்பர் வந்தது.

இதைத்தான் நீ அறிய வேண்டும், இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். நாங்கள் உள்ளே வந்தோம் செல்வா. திரை திறந்தது. பச்சைச் சுவர், ஒரு நாற்காலி, அதை விட்டு எழுந்து போகிற உன் முதுகு. லாரியிலிருந்து விழுந்ததிலிருந்து இடது தோளைச் சாய்த்துத்தானே நடப்பாய், அம்மா அதைப் பார்த்ததும் கத்தினாள். சந்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். உனக்குக் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாய். ஆனால் உனக்குள்ள நேரம் இன்னும் மிச்சம் இருந்தது, திரையை அவர்கள் அணைக்கவில்லை. அம்மா அந்த நாற்காலியிடம் பேசினாள். "எய்யா செல்வா, பொங்கிருச்சுய்யா, உன் பேருக்கு வச்ச பானை கிழக்க பாத்துப் பொங்கிருச்சு, நீ வந்துருவ, அம்மா இங்கனதான் இருக்கேன், எய்யா இங்க பாரு" என்று. நல்ல சகுனம் என்று உனக்குச் சொல்லத்தான் அவ்வளவு அவசரம். நான் போதும் என்று சொல்லவில்லை, யாராவது கேட்டு உன்னைத் திரும்பக் கூட்டிவர மாட்டார்களா என்று எனக்கும் ஆசை. கடைசியில் ஒரு காவலர் வந்து குனிந்து திரையைப் பார்த்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, கையை விரித்துக் காட்டிவிட்டு அணைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவது இல்லை. "நான்லா அடுப்ப அங்கன வச்சேன், நானே எம்பிள்ளை லைன எரிச்சிட்டேனே" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கேட்டைத் திறந்து வெளியே போகும்போது அந்தக் கருகின மதிலைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டாவது அழுதிருப்பாள். இப்போது நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதும் வந்து சேர்ந்தது. எனக்கு பயமாக இருக்கிறது செல்வா. நீ கோபப்படு, எனக்கு அது பயம் இல்லை. அவங்க நிம்மதியா இருக்கட்டும் என்றாயாமே, அதுதான் பயம். எங்களுக்கு என்ன நிம்மதி என்று நினைத்தாய்? உன்னை வெளியே சொல்ல வெட்கப்பட்டு நாங்கள் ஒதுங்கிவிட்டோம் என்று நினைத்தாயா? நீ ஓட்டிய லாரியால் ஒரு மனிதர் உயிர் போனது சந்து முழுக்கத் தெரியும். நாங்கள் மறைக்கவில்லை. அம்மா தினமும் விளக்கேற்றும்போது அந்த மனிதருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறாள். நீ விதிக்கப்பட்டதை அனுபவித்துவிட்டு வா, வந்து இங்கே இரு. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள், இனி வண்டியே தொட மாட்டேன் என்றாலும் சரி, கடையில் என் பக்கத்தில் நின்று ஆணி நிறுத்துப் போடு.

இனி லைன் விஷயம். ஜெயன் வந்தான், அழுகிற மாதிரி நின்றான், கம்பியைக் குழாய்க்குள் விட்டு மதிலுக்கு உள்பக்கமாகக் கொண்டுவந்திருக்கிறான். இன்னொன்றும் அவனே சொன்னான், "அண்ணாச்சி, டாங்கிளும் கேபிளும் ஒரே கம்பெனியானா ரோட்ல கட்டாகும்போ ரெண்டும் சேர்ந்து போகும்" என்று, அதனால் வேறு கம்பெனி சிம் போட்டாயிற்று. கரண்ட் போனாலும் மோடம் அணையாமல் இருக்க ஒரு பேட்டரி வாங்கி மாட்டியிருக்கிறேன். டீச்சர் வீட்டுச் சாவி ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. காலண்டரைப் பார்த்தேன், அடுத்த மாதம் திருவிழா ஒன்றும் இல்லை. இத்தனையும் செய்த பிறகும் போகாது என்று நான் உனக்குச் சத்தியம் பண்ண மாட்டேன், பட்டவன் சொல்கிறேன், எதுவும் போகும். ஒன்று மட்டும் சத்தியம். லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் போனுக்கு முன்னால் இருப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள், தோள் வலித்தால் அங்கே டாக்டரிடம் சொல், வீம்புக்குச் சாப்பிடாமல் இருக்காதே, அந்த வியாதி இங்கே ஒருத்திக்கு இருப்பது போதும். ஆற்றுகால் அம்மையும் நம் முத்தாரம்மனும் உன்னைக் காத்து எங்கள் கையில் கொண்டுவந்து சேர்க்கட்டும். இசக்கிப்பாண்டி இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுக்கும்போதே அந்தத் தாளையும் நீட்டச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போடு. அன்றைக்குத் திரை கறுப்பாகவே இருந்தாலும், யாரும் வரவில்லை என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் சொன்னாலும், உனக்குள்ள நேரம் முடியும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே ஐயா. அம்மா வந்துகொண்டிருப்பாள்.

உன் அப்பா,
வன்னியபெருமாள்