இரண்டு விருந்தும் ஒரு ‘முடியாது’வும்

அன்புள்ள பூங்கோதைக்கு,

நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே மலேசியாவில், புந்தோங்கில் உள்ள எங்கள் சாப்பாட்டுக் கடை டிவியில் ஒரு பழைய நகைச்சுவைப் படம் ஓடியது. அதில் ஒரு ஹோட்டல் வேலைக்காரன், யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பான். கடைசியில் எல்லாருடைய பெட்டியையும் தலையில் சுமந்து படியில் உருண்டான். கடையே சிரித்தது. எனக்கு மட்டும் என்னையே பார்த்தது போல இருந்தது.

மறுநாளே முதலாளி பாஸ்கல் அண்ணன், லகாட்டில் ஒரு கல்யாணச் சமையலையும் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் அன்னதானத்தையும் ஒரே ஞாயிறு மதியத்துக்கு ஒப்புக்கொண்டு வந்தார்.

"நீ பாத்துக்குவ லா" என்றார், இந்த ஊர் ‘லா’வோடு.

"சரிண்ணே" வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"முடியாதுண்ணே. ஒண்ணு எடுத்தா நல்லா செய்யலாம். ரெண்டு எடுத்தா ரெண்டும் கெட்டுரும்."

முறைத்தார். பிறகு, "அப்போ இனிமே ஆர்டர நீயே பேசு லா. நான் பேசுனா இப்படித்தான் ஆவுது" என்றார். இந்தப் பொறுப்பை நான் விடமாட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் சுண்டைக்காய் வத்தலும் உன் தலையணை உறை ஒன்றும் கொடுத்தனுப்பு. உறையைத் துவைக்காதே.

சாம்பார் கொதிக்கிறது, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வரச்சொல்லிக் கேட்டாய், உன்னிடமும் "சரி" என்றேன். முடியாது, பூங்கோதை. சித்திரையில் வருவேன், லீவு வாங்கிவிட்டேன். போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் மறுபடியும் "சரி" என்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்
முத்திருளன்