அட்டையில் முந்திக்கொண்ட பட்டம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தங்கச்சி, நான் மூவரும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றி வியாழக்கிழமை கழித்துத்தான் சொல்ல முடியும். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா போனில் முந்திக்கொள்வாள். நேற்று கோர்ட்டில் தங்கச்சியின் வழக்கைக் கூப்பிட்டார்கள். அவள் பெயர் காதில் விழுந்ததும் நான் எழுந்து கையைத் தூக்கி "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நாற்பது வருஷம் கழித்து ஆஜர் கொடுத்தேன். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கோர்ட்டுச் சேவகர் வந்து, பெரியவரே, உங்களை யாரும் கூப்பிடலை, உட்காருங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள், தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. வழக்கு வியாழனுக்குத் தள்ளிப் போயிற்று.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் அவள் பாடம் நடத்தத் தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறதல்லவா, அந்த வேலைக்கு அவளுக்குத் தகுதியே இல்லை என்று, அப்போது வேலை கிடைக்காத ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார். அவரையும் குறை சொல்ல மனசு வரவில்லை, மூன்று தடவை முட்டி மோதித் தகுதித் தேர்வில் பாஸ் பண்ணினவராம். முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சிப் புத்தகத்தை, அவள் முடித்த வருஷம் ஒரு குறிப்பிட்ட மாசம் முப்பதாம் தேதிக்குள் ஒப்படைத்தவர்களுக்குத் தேர்வு தேவையில்லை, பிந்தினவர்கள் எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. தங்கச்சியின் புத்தகத்தில், வாங்கிக்கொண்டதற்கான முத்திரை விழுந்தது இரண்டு நாள் கழித்து. அன்றைக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை, இன்றைக்கு கோர்ட் கேட்கிறது.

ஏன் பிந்தியது என்று உனக்குத் தெரியும், நீ வயிறு வலிக்கச் சிரித்த விஷயம்தானே. முப்பதாம் தேதி காலையிலேயே அவள் கொண்டுபோனாள். பைண்டிங் நம் கடைதான், வேறு யாரிடம் விடுவேன். நாலு பிரதி, நீலத் துணி அட்டை, தங்க எழுத்து. எழுத்து அடிக்கும்போது கை நிற்காமல் அவள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று சேர்த்து அடித்துவிட்டேன். பட்டம் கொடுக்கும் முன் அப்படிப் போடக் கூடாதாம். வாங்குகிற கிளார்க், யாரும்மா உனக்குப் பட்டம் குடுத்தது, பைண்டரா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அட்டையைக் கிழித்து, மறுபடி ஒட்டி, பசை காய்ந்து வர இரண்டு நாள்.

நேற்று சாயங்காலம் நம் வக்கீலம்மா அவளிடம், கடைசித் தேதியில கொண்டுபோயி அவங்க திருப்பி அனுப்பியிருந்தா அது நமக்குப் பலம், அப்படி ஏதாச்சும் உண்டா, இல்ல நீங்களே லேட்டா என்று கேட்டார். தங்கச்சி என் பக்கம் திரும்பாமல், நான்தான் மேடம், முடிக்க லேட்டாயிடுச்சு என்றாள். நான் வாயைத் திறந்தேன், மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பஸ்ஸில் கேட்டபோது, நீங்க சாட்சி சொல்லப் போனா எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள வச்சு ஊரையே சிரிக்க வைப்பாருப்பா, காலையில பாத்தீங்கல்ல, வேலை போனா போகட்டும் என்றாள். நானும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

இன்று காலை கடையைத் திறக்காமல் வக்கீலம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எழுதி என் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் கிளார்க் ஓய்வு பெற்றுவிட்டாராம், தேடுகிறார்கள். அவர் கிடைக்காவிட்டாலோ, ஞாபகமில்லை என்றாலோ, என் வாக்கு ஒன்றுதான். மகளுக்காக அப்பன் சொல்வதை எத்தனை பேர் நம்புவார்களோ. விஷயம் தெரிந்ததிலிருந்து தங்கச்சி என்னோடு பேசவில்லை. உங்களை யாருப்பா போகச் சொன்னது என்று கேட்டதோடு சரி. பெத்தவன் கடமை என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி வைத்தேன்.

நீ நல்லா இருப்பா, எந்தக் குறையும் உன்னை அண்டாது. புதன்கிழமை மறக்காமல் அவளுக்குப் போன் பண்ணு, வழக்கைப் பற்றிக் கேட்காதே, வேறு ஏதாவது பேசு. அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு, உன்னிடமும் வாயால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். நான்தான் லேட் என்று அவள் அந்தப் பொய்யைச் சொன்ன நிமிஷம், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா