முழுக் குரல்

14 நவம்பர் 2006, செவ்வாய்
வெஸ்ட் வின்ட்சர்

இன்று என் கேலியால் ஒரு பாட்டு பாதியில் நின்றுபோனது.

நான் சமைத்துக் கொடுக்கும் வீட்டில் கார்ல் அங்கிள் தனியாக இருக்கிறார். ஜெர்மனியில் நாற்பது வருடம் ஆபெரா என்னும் இசை நாடகங்களில் பாடியவர். கனத்த குரல் என்பதால் எப்போதும் வில்லன் வேஷம், இல்லாவிட்டால் கதாநாயகிக்கு அப்பா. "ஒரு தடவைகூட ஹீரோயின் கிடைக்கலையா?" என்று கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

தினமும் அரைக் குரலில்தான் பாடுவார். மேடை ஏறும்வரை தொண்டையை மிச்சம் பிடிப்பது ஆபெரா பாடகர்கள் வழக்கமாம். "ரிட்டையர் ஆயாச்சு, இன்னும் யாருக்கு அங்கிள் மிச்சம் பிடிக்கிறீங்க?" என்று சீண்டுவேன்.

இன்று என்னை உட்காரச் சொன்னார். கோட்டு போட்டுக்கொண்டு வந்து முழுக் குரலில் ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அங்கிள், பக்கத்து வீட்டுல போலீஸைக் கூப்பிட்டுடுவாங்க!" என்றேன். நிறுத்திவிட்டார். சிரித்தார். "ஓகே பாத்திமா, சூப் கொடு" என்றார்.

சாயங்காலம் அவர் மகள் போன் செய்தாள். நாளை சமைக்க வர வேண்டாமாம். அப்பாவுக்குத் தொண்டையில் கேன்சர், குரல்வளையையே எடுக்கப் போகிறார்களாம். "உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள்.

சொல்லத்தான் வந்தார் போல.

காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள். அதற்கு முன்னால் போய், மிச்சத்தையும் பாடுங்கள் என்று கேட்கலாமா? கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

அலாரம் நாலரைக்கு வைத்துவிட்டேன். பாடாவிட்டாலும் போய் உட்காருவேன்.